வாசப்படிக்கு வராத தண்ணீர்

சவுரியம்மாள் இடிந்த வீடுகள் கட்டுவாள். நல்ல வீடு கட்டத் தெரிந்தவர்களே ஆம்பூரில் வேலையில்லாமல் சுற்றிய காலம் அது. இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம் என்று ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, எதைப் பார்த்தாலும் சிரிக்கும்.

அவளுக்கு வயிற்றுப்பாட்டு வேலை தோல்ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பது. தோலைப் பதப்படுத்துகிற தொட்டிகளுக்கு அந்தப் பட்டைத்தூள் வண்டி வண்டியாக வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கோயில் குடிலுக்காக முழ உயரத்தில் ஒரு பாழடைந்த வீடு செய்து தருவாள். படங்களில் குழந்தை இயேசு, விழுந்த சுவருக்கும் பிய்ந்த கூரைக்கும் நடுவில் கிடப்பார் அல்லவா, அதுபோல. சுவருக்கு ஏரிமண், கூரைக் கைமரங்களுக்குப் பட்டை உரித்த ஆவாரங்குச்சி, ஒட்டுவதற்குத் தோல் துண்டுகளைக் காய்ச்சிய வஜ்ரப் பசை. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இருக்காது.

1928-ல் செய்த முதல் வீட்டைப் பார்த்துவிட்டு, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இருதயராஜ், "அச்சு அசல் பெத்லகேம்!" என்றார். வேலூரைத் தாண்டிப் போகாத மனுஷன். சவுரியம்மாளுக்கு அந்தப் பாராட்டு கசந்தது. சுவரின் விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்திருந்தாள். அது எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. எந்த வீடும் அப்படி இடியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"இடிஞ்ச வூட்ட கட்ட முடியாது. முழு வூட்ட கட்டணும், அப்புறம் அது தானா இடியணும்" என்றாள் புருஷனிடம்.

"நம்ம வூட்டுக் கூரை தானாத்தான் இடிஞ்சிகினு கீது. அத மொதல்ல பாரு" என்றான் அவன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சவுரியம்மாள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். 1930-ல் அதே சிறிய அளவில் முழு வீடு கட்டி இடிப்பது என்று முடிவு செய்தாள். எந்த வீட்டை என்ற கேள்வி வந்தது. இடிந்து போனதாக அவள் உள்ளும் புறமும் அறிந்த வீடு ஒன்றே ஒன்றுதான்.

1903-ல் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அப்பா தோல்ஷாப்பில் தோல்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். "ஆட்டப் புடிச்சிகினு கோயில் மேட்டுக்குப் போ. எனக்கு எழுந்தா தல சுத்துது. தண்ணி வாசப்படிக்கு வரட்டும், அப்பால நான் வர்றேன்" என்றாள். சவுரி ஆட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி நாதாங்கிச் சங்கிலியை மாட்டிவிட்டு ஓடினாள்.

ஏன் மாட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. தோல்ஷாப்பில் தோலிலிருந்து சுரண்டிப் போடும் ஜவ்வைத் தின்று பழகிய நாய்கள் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து சட்டியை உருட்டும். வெளியே போனால் சங்கிலி போடு என்று சொல்லித்தான் அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள். கை தானாகச் செய்துவிட்டது. மறுநாள் வெள்ளம் வடிந்தபோது வீடு மண்மேடாகக் கிடந்தது. கதவு மட்டும் நிலையோடு நின்றது. சங்கிலி மாட்டினபடி மாட்டியிருந்தது.

தண்ணீர் வாசப்படிக்கு வந்து, அம்மா எழுந்து, கதவைத் தள்ளிப் பார்த்தாளா? இருபத்தேழு வருஷம் இந்த ஒரு கேள்வியோடுதான் சவுரியம்மாள் பட்டை இடித்தாள். கல்யாணம் செய்துகொண்டதும் மூன்று பிள்ளை பெற்றதும் இதே கேள்வியோடுதான். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் அவளுக்கு வேண்டாம், பதில் வேண்டும்.

அம்மாவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர் தோல்ஷாப்பு மேஸ்திரி மஹபூப் பாஷா. இப்போது கிழவர். அவரிடம் போனாள்.

"பாய், அம்மா எங்க கெடந்தாங்க? கதவுகிட்டயா?"

"இன்னாத்துக்கும்மா இப்ப அது? ஆத்துப் பக்கத்து செவுரு மேல வுழுந்து பாயிலயே கெடந்தாங்க. எழுந்திருக்கவே இல்ல."

சவுரியம்மாள் அழுதாள். வீடு திரும்பும் வழியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பாய் நல்ல மனுஷன், நல்ல மனுஷர்கள் இந்த மாதிரி விஷயத்தில் கூசாமல் பொய் சொல்வார்கள். அதோடு, கதவைத் தட்டி ஓய்ந்துபோய் அம்மா திரும்பவும் பாயில் வந்து படுத்திருந்தால்?

மனுஷர் வார்த்தையை விட்டுவிட்டு மண்ணைக் கேட்பது என்று தீர்மானித்தாள்.

பழைய இடம் முள்மண்டிக் கிடந்தது. அங்கே போய் நீளமான மரத்தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தாள். ஆற்றுப்பக்கம், வாசல் இருந்த தெருப்பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்வு. அந்தச் சரிவைச் சின்ன வீட்டின் அளவுக்குக் குறைத்து, கொல்லையில் ஒரு பலகையைச் சரித்து வைத்து அதன்மேல் களம் போட்டாள். அப்பா சுவர் வைத்த மாதிரியே ஒரு படை வைத்துக் காயவிட்டு அடுத்த படை வைத்தாள். தோல் துண்டை விறைப்பாகக் காயவைத்துக் கதவு செய்தாள். செம்புக் கம்பியை வளைத்துச் சங்கிலி செய்து மாட்டினாள். வாசப்படியிலும் உள்தரையிலும் காய்ந்த சுண்ணாம்புத் தூளைத் தூவினாள். நனைந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆற்றுப்பக்கமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஆற்றுப்பக்கச் சுவரின் காலை மெல்லக் கரைத்தது தண்ணீர். சுவர் அடியில் குழிந்து, சட்டென்று உள்ளே சாய்ந்தது, கூரை அதன் மேல் உட்கார்ந்தது. கதவோரம் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவள் நம்பவில்லை. 'என் மனசுக்கு வேண்டியபடி என் கை கட்டியிருக்கும்' என்று நினைத்தாள். அடுத்த வீட்டில் ஆற்றுப்பக்கச் சுவரை வேண்டுமென்றே பருமனாக வைத்தாள். தண்ணீர் ஊற்ற உபதேசியாரைக் கூப்பிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவர் ஜெபம் சொல்லிக்கொண்டே ஊற்றினார். இந்தத் தடவை நேரம் கூடப் பிடித்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கி ஏறியது. வாசப்படிக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது அந்தப் பருத்த சுவரும் உள்ளே விழுந்தது.

"ஐயோ, இவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டினியே!" என்றார் உபதேசியார்.

"இன்னொண்ணு கட்றேன்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. பகல் முழுவதும் பட்டை இடித்தாள், விடிகாலையில் மண் குழைத்தாள். கை வெடித்து ரத்தம் வந்தது. மூன்றாவது வீட்டை எல்லாச் சுவரும் ஒரே மண், ஒரே பருமன் என்று கட்டி, தானே தண்ணீர் விட்டாள். ஆற்றுப்பக்கச் சுவர் விழுந்தது. குனிந்து வாசப்படிச் சுண்ணாம்பை விரலால் தொட்டாள். விரலில் காய்ந்த மாவாக ஒட்டியது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, ஈரம் காய்ந்ததும் அந்த இடிந்த வீட்டைப் பலகையோடு பெயர்த்துக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

விழுந்த சுவர்ப்பக்கத்தைச் சனங்களுக்குக் காட்டி வைத்தார்கள். உள்ளே குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர். அவர்களுக்குப் பின்னால் சங்கிலி மாட்டிய கதவு நிலையோடு நின்றது. உபதேசியார் தள்ளி நின்று பார்த்தார்.

"எல்லாம் நல்லாக்குது சவுரி. கதவு மட்டும் சாத்திக் கெடக்குது. சங்கிலிய எடுத்துட்டுத் தொறந்து வையேன்."

"சாத்தியே இருக்கட்டும் ஐயா" என்றாள் சவுரியம்மாள். "தண்ணி வாசப்படிக்கு வரவேயில்ல."