சாதிக்காயும் பன்னிரண்டாம் வாய்ப்பாடும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகப் பை தூக்கியவள் நான். ஆகவே என் படிப்பைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மாமாவிடம் ஒரு தத்துவமே இருந்தது.

உக்குவளைப் பக்கம் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் சாதிக்காய் உலர்த்துவது அவர் வேலை. சாதிக்காயைக் கையில் பொத்திக்கொண்டு படித்தால் வாசம் மூளைக்கு ஏறும், படித்தது மறக்காது என்பார். தவணைப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் அக்காவோடு மிளகு பறிக்க அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லியிருந்ததால், நானும் பொத்திக்கொண்டேன். வாய்ப்பாடு சரியாக வந்தால், "பாத்தியா, காய் வேல செய்யுது" என்பார் மாமா. தடுமாறினால், "அது பழைய காய் புள்ள, வேற தர்றேன்."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சாதிக்காயையும் அதே அளவுக் கொட்டைப்பாக்கையும் தனித்தனியே துணியில் வைத்துத் தைத்து, ஒரே பெட்டியில் போட்டுவைத்தாள். தொட்டும் மோந்தும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. மாலைதோறும் எதுவென்று சொல்லாமல் ஒன்றைத் தருவாள். மிளகு ஆய்ந்தபடி நான் ஒப்பிப்பதைக் கேட்டு, பிழைக்கு ஒரு கரிக்கோடு சுவரில் இழுப்பாள். ஆறு நாள் கழித்துப் பார்த்தால், காய்க்கும் பாக்குக்கும் கோடுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாமா அசரவில்லை. "ரெண்டும் ஒரே பெட்டியில கெடந்துச்சுல்ல? பாக்குக்கும் வாசம் ஏறியிருக்கும்."

"நாள் பூரா ஸ்டோர்லயே கெடக்குறீங்களே, ஒங்களுக்கு ஏன் மாமா கையெழுத்துப் போட வரல?" என்றாள் அக்கா.

"எனக்கு அளவுக்கு மேல ஏறிப்போச்சுடி!"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அக்கா மட்டும் விடவில்லை.

"என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?"

"அப்புடி ஒண்ணும் நடக்காது."

"அப்ப ஒங்க பேச்சு செல்லாது."

பரீட்சைக்கு வெறுங்கையோடு போனேன். "நல்லதாப் போச்சு, வழியில ஆமி செக்பொயிண்ட்ல அந்தத் துணி முடிச்சக் கண்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாள் அம்மா. தேறினேன். என் கையில் ஒட்டியிருந்த வாசம்தான் காரணம் என்று மாமா ஸ்டோர் முழுக்கச் சொல்லிவைத்தார்.

எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத கொள்கை விஞ்ஞானமாகாது என்று ஆசிரியர் பயிற்சியில் விரிவுரையாளர் விளக்கியபோது, எனக்கு அது பழைய பாடமாக இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு நாளும் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. அக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் நான் விட்ட பிழை ஒவ்வொன்றையும் அவள் எப்படிப் பிடித்தாள் என்று அப்போது நான் கேட்கவே இல்லை.