ஓமனக்குட்டியின் கோழிகள் ஏறாத பெட்டி

திருப்புறத்துச் சுந்தரதாஸுக்கு மூன்று பெண்மக்கள். மூத்தவளைப் பூவாறில் கொடுத்தார்கள், இளையவளை மார்த்தாண்டத்தில். நடுவிலுள்ளவள்தான் ஓமனக்குட்டி. குளத்தூரில் ரப்பர் வெட்டுகிற மணியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, தாய் வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்கோழியும் கூட வந்தது. அதன் வம்சம்தான் இன்றைக்கும் முற்றத்தில் நடக்கிறது. மாமியார் இறந்தாள், மணியனின் அண்ணன் பாகம் பிரித்துக்கொண்டு பாறசாலைக்குப் போனான், மகள் சிஜி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் அங்கேயே இருந்துவிட்டாள். ஓமனக்குட்டிக்கு என்று மிஞ்சியது அந்தக் கோழிகள்தான்.

பழைய வீட்டில் அவை விறகு இடுக்கில் முட்டையிடும், அடுப்படி மூலையில் கிடந்த உமிக்கூடையில் முட்டையிடும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மகன் டெனில் அந்த வீட்டை இடித்து கான்கிரீட் வார்ப்பு வீடு கட்டினான், முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தான். விறகும் போனது, உமிக்கூடையும் போனது. வீட்டைச் சுற்றி இருட்டு என்று பார்த்தால் போர்ச்சில் செருப்பு வைக்கிற தட்டு மட்டும்தான். கோழிகள் அங்கே ஏறின.

டெனிலின் மனைவி ஜோஸ்னாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. ஒருநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் ஷூவுக்குள் காலை விட்டாள். முட்டை உடைந்தது. அவள் கத்தவில்லை. ஷூவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமி, ஈஸ்டர் வரை பாப்பேன். அதுக்குள்ள இதுகள ஒரு எடத்துல முட்டையிடப் படிப்பிக்கணும். இல்லேங்கில் கோழி வாங்குத விபினை விளிச்சுக் குடுத்திருவேன்."

"ஷூவுக்குள்ள பாத்துட்டு கால விடப்பிடாதா மக்கா?"

"பாம்பு உண்டான்னு பாக்கணும், முட்டை உண்டான்னும் பாக்கணும். பின்ன நான் எப்பம் வேலைக்குப் போவ?"

மணியன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் தேய்ந்து ரப்பர் வெட்டுவதை நிறுத்தியதிலிருந்து டிவி முன்னால் இருக்கிற மனிதன், அன்றைக்கு எழுந்து பின்பக்கம் போனான். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் வந்த காலி பிளாஸ்டிக் கன்னாஸ்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றின் ஒரு பக்கத்தை வட்டமாக அறுத்து, உள்ளே தேங்காய்ச் சகிரி நாரைப் பரப்பி, மாடிப்படிக்கு அடியில் வரிசையாக வைத்தான்.

"எப்படி உண்டு?"

"பங்களா ஆக்கும். எனக்கே கேறிக் கெடக்கத் தோணுது" என்றாள் ஓமனக்குட்டி.

கோழிகளுக்குத் தோன்றவில்லை. பார்த்துப் படிக்கட்டும் என்று பெட்டிக்கு ஒரு முட்டை வைத்துப் பார்த்தாள். காக்கை கொண்டுபோனது. கொக்கரித்துக்கொண்டு இடம் தேடுகிற கோழியைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டு வாயைக் கூடையால் அடைத்தாள். தூவல் இல்லாத மொட்டைக்கழுத்துச் சிவப்புக்கோழி ஒன்று உச்சிவேளை வரை முட்டையை அடக்கிக்கொண்டு நின்றது. கூடையை எடுத்ததும் தலையை உதறிக்கொண்டு நேரே செருப்புத்தட்டுக்கு ஓடியது.

"ஒனக்கு எங்க அக்காளுக்க பிடிவாதம்" என்று அதைத் திட்டினாள்.

மணியன் டிவியை விட்டான். தினமும் பெட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவான், சகிரி மாற்றுவான், நாற்காலியைப் போட்டுக் காவல் இருப்பான். அவன் இருப்பைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் ஓமனக்குட்டி செருப்புத்தட்டில் கிடந்த முட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அதை அயர்லாந்துக்குப் போன் பண்ணிச் சொன்னான். அன்று சாயங்காலமே டெனிலின் ஹெல்மெட்டுக்குள் இன்னொரு முட்டை கிடந்தது. ஜோஸ்னா அதை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தாள்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை விபின் பைக்கில் கம்பிக்கூண்டு கட்டிக்கொண்டு வந்தான். ஜோஸ்னா வாசலில் நின்றாள். கோழிகளை எல்லாம் பிடித்து அடைத்த பிறகு அவன் சும்மா குனிந்து பெட்டிக்குள் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது ஆசிட் கன்னாஸ் அல்லியா மாமி? இப்பமும் நாறுது. கோழி இதுல எங்ஙன கேறும்?"

ஓமனக்குட்டி மருமகளைப் பார்த்தாள்.

"நான் கெட்டி வந்த அண்ணு முதல் இந்த வீட்டுக்க மணம்தான மாமி அது" என்றாள் ஜோஸ்னா, தரையைப் பார்த்து. "நான் அத ஆருகிட்ட சொல்ல?"

அப்போது ஓமனக்குட்டி வாயைத் திறந்திருந்தால் கோழிகள் தப்பியிருக்கும். பெட்டிதான் குற்றம், ஒரு மரப்பெட்டி வைத்துப் பார்க்கிறேன், இன்னும் ஒரு வாரம் தா என்று கேட்டிருந்தால் ஜோஸ்னா மறுத்திருக்க மாட்டாள். சொல் நாக்குவரை வந்தது. மணியன் நாற்காலியில் இருந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிக்குக் கொறை ஒண்ணும் இல்ல மக்கா" என்றாள் விபினிடம். "கோழிக்காக்கும் புத்தியில்லாதது. கொண்டு போ."

பைக் வளைவு திரும்பும்வரை சிவப்புக்கோழியின் சத்தம் கேட்டது.

"எடீ, அவன் சொன்னது உள்ளதா? நாறுதா?" என்று மணியன் கேட்டான்.

அவள் ஒரு பெட்டியைத் தூக்கி, முகத்தை உள்ளே வைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். கல்யாணம் கழிந்த நாள் முதல் அவன் சட்டையிலும் தலையணையிலும் இருந்த மணம் எதுவோ, அதுதான் அதற்குள்ளும் இருந்திருக்க வேண்டும்.

"எனக்கொண்ணும் தெரியல்ல."

"எனக்கும் தெரியல்ல" என்றான் அவன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயடிக்குக் கழுவக் கொண்டுபோனான்.