ஆய்த்து என்றொரு சொல்

முதுகலையில் புவியியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் உடனே ஏதாவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அதன் தலைநகரம் என்ன என்று கேட்பார்கள். தெரியாது என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் படித்தது இயற்கைப் புவியியல். ஆறு ஏன் வளைகிறது, மலை எப்படித் தேய்கிறது, மழை எந்தச் சரிவில் பெய்து எந்தச் சரிவை ஏமாற்றுகிறது என்பதெல்லாம். அதைத் தெரிந்துகொண்டு என்ன பண்ணப் போகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். தலைநகரங்களைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன பண்ணினீர்கள் என்று நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். மைசூருவில் படிக்க அப்பா ஒரே நிபந்தனையில்தான் ஒப்புக்கொண்டார். ஹாஸ்டல் கூடாது, அத்தை வீட்டில்தான் இருக்க வேண்டும். அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்துபோன பிறகு, தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை வீட்டில் மகனோடு இருந்தார். மகனுக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. நான் வந்ததும் அந்த மகனுடைய அறை எனக்கு வந்தது. அவர் கூடத்துக்குப் போனார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சுவர், கைநீட்டினால் தொடலாம். நிலத்தோற்றம் படிக்க வந்தவளுக்கு வாய்த்த நிலத்தோற்றம் அது.

அத்தையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் என் குறை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவார். பஸ் ஏறினேனா என்று ஒரு போன், வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேனா என்று ஒரு போன், கிளம்பிவிட்டேனா என்று ஒரு போன். கடுமையாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நெய் ஊற்றிச் சோறு போடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கூடப் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் மணல் திட்டுகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனால் அத்தையும் வருவார். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவோம். மணல் திட்டு பஸ் ஜன்னல் வழியாக ஓடி மறையும்.

மாலையில் அத்தை அடுப்படி வேலையை முடித்த பிறகு தரையில் டோப்போ ஷீட்டை விரிப்பேன். நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுகிற பெரிய வரைபடம் அது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் பழுப்புக் கோட்டால் இணைத்திருப்பார்கள். சமஉயரக் கோடு என்று அதற்குப் பெயர். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டாது. எந்தக் கோடும் பாதியில் முடியாது, சுற்றி வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். தாளுக்குள் சேராவிட்டால் தாளுக்கு வெளியே எங்கேயோ சேரும். முதல் வாரத்தில் எங்கள் ஆசிரியை இதைச் சொன்னபோது எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு என்னவோ மூச்சு முட்டியது.

ஆனால் அந்தப் பாடத்தை நான் ஆசையோடுதான் படித்தேன். எங்கள் ஊர் வருகிற ஷீட்டைப் புவியியல் துறையில் தேடி எடுத்துப் பார்த்தேன். நாங்கள் பயிர் வைக்கிற காட்டில் ஒரு மேடு உண்டு. அதற்குத் தண்ணீர் ஏறாது என்று அப்பா வருஷம் பூராவும் அதைத் திட்டிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் அந்த மேடே இல்லை. இருபது மீட்டருக்கு ஒரு கோடு போடுகிற கணக்கில் அதற்குள் அடங்கிப்போகிற எதுவும் தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மேடு இருந்தது. அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பது என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள். அவர் நல்லவர். கல்யாணத்துக்கு அது போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் போதாது. எனக்கு யாரையும் கட்டிக்கொள்கிற எண்ணமே அப்போது இல்லை.

இரண்டாம் செமஸ்டரில் களப்பயிற்சி முகாம். கார்வார் பக்கம் கடற்கரையில் தங்கி அலையையும் பாறையையும் படிக்க வேண்டும். முகாமுக்குப் போகாவிட்டால் அந்தத் தாளில் பாஸ் கிடையாது. அப்பாவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அப்பா யோசிக்க ஆரம்பித்தால் ஒரு பயிர் அறுவடையாகிவிடும். கடல் கிடைக்குமா கிடைக்காதா என்ற பதைப்போடு நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முகாமுக்கு முன்னால் மட்டம் பார்க்கிற பயிற்சி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குக்கரஹள்ளி ஏரிக் கரையில் நடந்தது. தமிழில் ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற இடம். கன்னடத்தில் அந்த இடம் கெரெ, அதன் கரைதான் ஏரி. வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று நான் தடுமாறாமல் மாற்றிக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் கூட உண்டு. அந்தத் திமிருக்குத்தான் அடி விழுந்தது.

மட்டம் பார்ப்பதில் ஒருவர் முக்காலிக் கருவியின் லென்ஸ் வழியாகப் பார்ப்பார், இன்னொருவர் தூரத்தில் ஆளுயரத்தைத் தாண்டிய அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிடிக்கிறவர் அசையக் கூடாது. கரை நெடுகப் போய்விட்டு, தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும். அன்றைக்குக் கோல் பிடித்தவள் நான். நல்ல காற்று. ஆசிரியை அங்கிருந்து கையால் இடது, வலது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அப்பாவின் போன். எடுக்காமல் இருக்க முடியுமா? கோலை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் எடுத்தேன்.

காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. முகாமுக்குப் போயிட்டு வா என்றார். அது தெளிவாகக் கேட்டது. பிறகு அத்தை என்றார், தை மாசம் என்றார், உனக்குச் சம்மதம்தானே கண்ணு என்று என்னவோ கேட்டார். ஆசிரியை கோலை நிமிர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். என் மனசு முழுக்கக் கடல்.

"ஆய்த்துப்பா, ஆய்த்து" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆய்த்து என்றால் கன்னடத்தில் ஆச்சு, ஆனால் மைசூருவில் அது வெறும் சத்தம். போனை வைக்கும்போது, ஆட்டோக்காரரிடம், கடையில் சில்லறை வாங்கும்போது, எல்லாவற்றுக்கும் ஆய்த்து. கேட்டேன், சரி, அப்புறம் பார்க்கலாம், விடு என்று எது வேண்டுமானாலும் அதற்கு அர்த்தம். ஊரில் அப்படியில்லை. அப்பா வீட்டில் செரி என்பார், ஆகட்டும் என்பார். ஆய்த்து என்ற கன்னட வார்த்தையை அவர் கொள்ளேகால் மாட்டுச் சந்தையில் மட்டும்தான் வாயில் எடுப்பார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி, கடைசியில் ஆய்த்து என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை. பெற்ற மகள் அந்த வார்த்தையை, அதுவும் இரண்டு தரம், சொன்னதை அவர் கேட்டிருக்கிறார்.

எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அத்தை ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டுக்கொண்டிருந்தார். முகாமுக்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நான் சூடாக வாங்கித் தின்றேன், இன்னொன்றும் கேட்டேன். அத்தை மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்திருந்த மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டு, முகத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"உங்கப்பன் சொன்னாரு. நீ ஆய்த்துன்னுட்டியாமா. எனக்கு வயிறு குளுந்து போச்சு சாமி."

எதற்கு ஆய்த்து என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் விளங்கிவிட்டது. கடித்த ஒப்புட்டைத் தட்டில் வைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்று படித்ததுதான். இந்தத் தவளை ஏரிக் கரையிலேயே நின்று கத்தியிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் சொல்ல மாட்டார்கள். மறுநாள் துறையின் மொட்டை மாடியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். நான் சொன்ன ஆய்த்து வேறு அப்பா, அது சும்மா சொல்வது, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அப்பா சிரித்தார்.

"ஆய்த்துன்னா ஆய்த்துதான் கண்ணு. அப்படிச் சொன்ன பொறவு மாட்ட ஓட்டிட்டுப் போவாம நிக்கறவன் ஆரு?"

ஓட்டிக்கொண்டு போகப்படுவது யார் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. முகாமுக்குப் போய் வந்த பிறகு தை மாசம் நிச்சயம், படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, மோட்டார் போட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அத்தை மகன் அதற்குப் பிறகு நான் கூடத்தில் இருந்தால் உள்ளே வருவதில்லை. ஒருநாள் படியில் எதிரெதிரே வந்துவிட்டோம். அவர் ஷிஃப்ட் முடிந்து ஏறுகிறார், நான் பஸ்ஸுக்கு இறங்குகிறேன். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். நிஜமாகவே எனக்கு இஷ்டமா என்று கேட்டார்.

"என்னைய முதல்ல யாரும் கேக்கவேயில்ல. நீ ஆய்த்துன்னியாம். அதனால நானும் ஆய்த்துன்னேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் வாயிலிருந்து விழுந்த ஒரு சத்தம் இந்த மனுஷனையும் இழுத்துப் போட்டிருக்கிறது. அவர் முகத்தில் கோபமில்லை. அறையை விட்டுக்கொடுத்த மாதிரியே இதையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கினேன்.

வகுப்பில் ஒரு தோழிக்கு மட்டும் சொன்னேன். முதலில் முகாமுக்குப் போய்விட்டு வா, கடலைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்லிக்கொள் என்றாள். கெட்டிக்காரி. இப்போதே மறுத்தால் அப்பா முகாமையும் நிறுத்திவிடுவார் என்பது எனக்கும் தெரியும். அவள் யோசனையையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். அந்த நாட்களில் பாடம் எதுவும் ஏறவில்லை. பாறைச் சிதைவு என்று புத்தகத்தில் இருக்கும். பாறை இடத்தை விட்டு நகராமலே, நின்ற இடத்திலேயே நொறுங்குவது. அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே ஓட்டியிருப்பேன், அத்தை அந்த ஷூவை வாங்கி வராமல் இருந்திருந்தால். கடற்கரைப் பாறை வழுக்கும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, மார்க்கெட் முழுக்க அலைந்து, அடியில் நல்ல பிடிமானம் உள்ளதாக ஒன்று வாங்கி வந்திருந்தார். என்னை உட்காரவைத்து, தானே குனிந்து என் காலில் மாட்டிப் பார்த்தார். என் காலைப் பிடித்துக்கொண்டு, மருமகளுக்கு முதன்முதலாக வாங்குவது செருப்பாகப் போய்விட்டதே என்று சிரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்தை, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க. நான் போன்ல சொன்னது வேற அர்த்தத்துல" என்றேன்.

அத்தை மற்றக் காலிலும் ஷூவை மாட்டினார். பிறகு லேஸை முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து, அடுப்பைப் பார்க்கப் போனார். ராத்திரி வழக்கம்போலத் தட்டு வைத்தார். சோறு போட்டார், நெய்யும் ஊற்றினார். சாப்பிட்டு எழுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் காலை நான் பெட்டியைக் கட்டினேன். தோழியின் பேயிங் கெஸ்ட் வீட்டில் ஒரு கட்டில் காலி என்று கேட்டு வைத்திருந்தேன். இனி எந்த முகத்தோடு இங்கே இருப்பது? உள்ளுக்குள் பயம் இருந்தது, ஆனால் அதற்கும் கீழே ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் இல்லாத ஜன்னல் ஒன்று எனக்குக் கிடைக்கப் போகிறது. பெட்டியோடு நான் கூடத்துக்கு வந்தபோது அத்தை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனிடம் காலையிலேயே பேசிவிட்டதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு இஷ்டமில்லை, விட்டுவிடுங்கள், அவள் கடலுக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா கத்தியிருக்கிறார், பிறகு அடங்கியிருக்கிறார். தங்கை சொல்லை அவர் தட்டமாட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலைத் தொடக் குனிந்தேன். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம். ஆனா நீ இந்த வூட்ட வுட்டுப் போவக் கூடாது. போனீன்னா, மருமவளாக்கிக்கத்தான் இவ இத்தன நாளும் சோறு போட்டான்னு ஊரு பேசும். நான் போட்டது எங்கண்ணன் பொண்ணுக்கு. அந்தக் கெட்ட பேர எனக்கு வாங்கிக் குடுத்துறாத."

வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அத்தனை நாளும் தைரியம் சேர்த்திருந்தேன். அதைச் செலவழித்துவிட்டேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அத்தை எழுந்து வழிவிட்டார், வாசல் பக்கம் அல்ல, அறைப் பக்கம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.