வளையல்காரி கையில் ஒரு டியூபு மருந்து

அடுத்தவர் கையைப் பிடிப்பதுதான் தன் தொழில் என்று குல்சார் பேகம் சொல்வாள். திருப்பூர்க் கடைவீதியில் வளையல் விற்க வேறு ஆட்களும் இருந்தார்கள். கை நோகாமல், ஒன்றுகூட உடையாமல் ஏற்றிவிட வேண்டும் என்றால் அவளைத்தான் தேடுவார்கள். கயிற்றில் கோத்த வளையல் மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்புவாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பனியன் கம்பெனிச் சந்துகளில் இருப்பாள். பனியன் மடிக்கிற பெண்கள் தூக்குப்போசியை மூடிவிட்டு ஓடிவந்து கையை நீட்டுவார்கள். பெருமாநல்லூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் கல்யாணமோ, ஏழாம் மாத வளையலோ என்றால் முன்கூட்டியே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகும். புருஷன் கைருதீன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

அறுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுடைய விரல் இடுக்குகளில் அரிப்பு தொடங்கியது. பொடிப்பொடியாக நீர்க் கொப்புளங்கள் வந்தன. சொறிந்தால் கசிந்தது, காய்ந்தால் தோல் சிவந்து வெடித்தது. அக்கம்பக்கத்தில் கரப்பான் என்றார்கள். கத்திரிக்காயையும் கருவாட்டையும் விட்டாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். குறையவில்லை. வளையல் வழுக்கிக்கொண்டு ஏறுவதற்காக, வருகிறவர்கள் கையில் சோப்பை நுரைக்கத் தேய்ப்பது அவள் வழக்கம். அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் அவளுடைய கையும் பகல் முழுக்க ஊறிக் கிடந்தது. ஆனால் அதையும் அரிப்பையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

தை மாதத்தில் பெருமாநல்லூரில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வளையல் போடப் போனாள். வீட்டுக்காரம்மாள் ரங்காத்தாளின் மருமகள் மாசமாக இருந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கையைக் குல்சார் எடுக்கப் போனபோது, ரங்காத்தாள் பார்த்துவிட்டாள்.

“ஏனுங் பேகம், கையில என்னங்க அது?”

“கரப்பானுங்கம்மா. யாருக்கும் தொத்தலீங்க.”

ரங்காத்தாள் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். “நீங்க வளையலை எடுத்துக் குடுத்தாப் போதுமுங்க. எங்க நங்கையா போட்டுடட்டும். வயித்துப்புள்ளக்காரி பாருங்க.”

நங்கையா என்று அவள் சொன்ன நாத்தனாருக்கு வளையல் ஏற்றிப் பழக்கம் இல்லை. வளையல் உடைந்தது. கூடியிருந்த பெண்கள் அபசகுனம் என்று முகம் சுருங்கினார்கள். குல்சார் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

கைருதீன் அவளை டாக்டர் அர்த்தநாரியிடம் கூட்டிப் போனார். டாக்டர் அவள் கையைத் தயக்கமில்லாமல் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கையை அப்படி ஒருவர் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“ஒட்டற நோயில்லம்மா இது. புதுசா ஒரு மருந்து வந்திருக்குது, எழுதித் தர்றேன். காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. மெல்லிசா, தோலு மினுங்கற அளவுக்குத் தடவுனாப் போதும். ரெண்டு வாரம் போட்டுட்டு வந்து காட்டுங்க.”

வெளியே கூட்டம் காத்திருந்தது. என்ன வேலை செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் கை தெளிந்துவிட்டது. விரல்களை விரித்து விரித்துப் பார்த்து அழுதாள். டாக்டரிடம் போய்க் காட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மருந்தை நிறுத்தினாள். சில நாட்களில் அரிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. மருந்துக் கடையில் காலி டியூபைக் காட்டினாள். சீட்டுக் கேட்காமலே புதிதாக ஒன்று கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்குக் கிளம்பும் முன் பவுடர் போடுகிற மாதிரி, இரண்டு புறங்கையிலும் வழிய வழியப் பூசிக்கொண்டுதான் வெளியே கால் வைத்தாள். அரிப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. தோட்டத்து வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் திரும்ப வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

பனியன் மடிக்கிற பெண்களில் மருதாள் என்று ஒருத்தி. பாவாடை நாடா இறுகும் இடத்தில் அவளுக்கு வட்டமாகப் படர்தாமரை வந்திருந்தது. “அக்கா, உங்க கை நல்லாயிடுச்சுங்களே, அந்த மருந்து எனக்கும் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டாள். குல்சாருக்குச் சந்தோஷம்தான். பாதி தீர்ந்த டியூபை அப்படியே கொடுத்துவிட்டாள். முதலில் அரிப்பு அடங்கியது. மருதாள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குல்சார் தன் கையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். ஒரு நாள் வளையல் உடைந்து, சில்லின் முனை புறங்கையில் லேசாக உரசியது. வெங்காயச் சருகு மாதிரி தோல் சுருண்டு வந்துவிட்டது. எங்காவது இடித்துக்கொண்டால் ஊதாவாகக் கன்றிப்போனது. அடியில் ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது.

“என்ன குல்சாரு, உன்ற கை கண்ணாடியாட்டம் ஆயிப்போச்சு?” என்றார் கைருதீன், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து மருதாள் வீட்டுக்கே வந்தாள். படர்தாமரை இடுப்பிலிருந்து வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அர்த்தநாரி டாக்டரிடம்தான் அவளும் போயிருந்தாள். “யாரு குடுத்ததுன்னு டாக்டரு சத்தம் போட்டாருங்க அக்கா. அந்த மருந்து போட்டுத்தான் இப்படிப் பரவுச்சாமுங்க.”

மருதாள் போன கையோடு, குல்சார் தன்னிடம் இருந்த டியூபைச் சாக்கடையில் வீசினாள். இனி அதன் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தாள். ஆனால் கைகள் சும்மா விடவில்லை. முன்னைவிட மோசமாகச் சிவந்து, வீங்கி, கசிய ஆரம்பித்தன. சோற்றைப் பிசைய முடியவில்லை. கைருதீன் ஒரு நாள் லீவு போட்டு, வற்புறுத்தி அழைத்துப் போனார்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். “மருதாளுக்கு வைத்தியம் பாத்த டாக்டரம்மா நீங்கதானா?”

அவள் தலையைக் குனிந்தபடி, ஒன்றரை வருஷம் பூசியதையும் பயந்துபோய் வீசியதையும் சொன்னாள்.

“படர்தாமரை பூஞ்சையால வர்றது. இந்த மருந்து செவப்பையும் அரிப்பையுந்தான் அமுக்கும். பூஞ்சை உள்ளுக்குள்ள சொகமா வளரும். உங்களுக்குன்னு எழுதுனது உங்களுக்குத்தான்.”

“வெசமுங்க அது. இனித் தொடவே மாட்டனுங்க டாக்டருங்க.”

“வெசமெல்லாம் இல்லம்மா. நல்ல மருந்துதான். ரெண்டு வாரத்துக்குக் குடுத்ததை ஒன்றரை வருசம் பூசுனீங்க, அதுல தோலு மெலிஞ்சுபோச்சு. அப்புறம் பயந்துட்டு ஒரேயடியா நிறுத்தினீங்க, அதுல இப்பிடிப் பொங்கிடுச்சு. கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கோணும்.”

“முழுசாப் போறதுக்கு வழியே இல்லீங்களா?”

“அப்படிச் சொல்லி உங்களை ஏமாத்த முடியாதும்மா. அடங்கி இருக்கும், அப்பப்ப தலை தூக்கும். அது இருக்கட்டும், நாள் பூரா இந்தக் கையை எதுல வெச்சிருக்கீங்க?”

அப்போதுதான் சோப்பு பற்றிய பேச்சு வந்தது.

இந்த முறை அவர் வீரியம் குறைந்த மருந்து எழுதினார். வெடித்துச் சிவந்த இடத்தில் மட்டும் தடவ வேண்டும், புறங்கையில் மெலிந்துபோன இடத்தைத் தொடக் கூடாது. முதலில் தினமும், கை அடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு தரம். மற்ற நேரங்களில் வெறும் வாசலின். சோப்பு அடியோடு கூடாது.

கைருதீன் மெல்லிய பனியன் துணியில் அவள் கை அளவுக்கு உறை வெட்டி, கம்பெனித் தையல்காரரிடம் தைத்து வாங்கி வந்தார். படுக்கும்போது வாசலினைத் தடவி அதை மாட்டிக்கொண்டாள். வளையல் ஏற்றச் சோப்புக்குப் பதில் தேங்காயெண்ணெய் வைத்தாள். சேலையில் எண்ணெய் படுகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். துடைத்துவிடப் பனியன் வேஸ்ட் துணியை ஒரு மூட்டை கொண்டுபோனாள். கை அடங்க மாதக்கணக்கில் ஆயிற்று. மெலிந்த தோல் ஓரளவு தேறியது. முழுக்கப் பழையபடி ஆகவில்லை.

மருதாளுக்கு வேறு மருந்தில் குணமாகிவிட்டது. குல்சார் அவள் வீடு தேடிப் போய் நின்றபோது, “கேட்டு வாங்குனது நாந்தானுங்களே, உங்களைச் சொல்லி என்னங்க பண்றது” என்றாள். ஆனாலும் பழைய ஒட்டுதல் திரும்பக் கொஞ்ச காலம் பிடித்தது.

மார்கழிக் குளிரில் விரல் இடுக்குகள் மறுபடி சிவக்கும். சில நாள் மருந்து போடுவாள், அடங்கியதும் நிறுத்திவிடுவாள். அந்த நாட்களிலும் வளையலோடு கிளம்பத்தான் செய்தாள். யார் கையையும் பிடிப்பதற்கு முன் தன் கையை விரித்துக் காட்டி, “கரப்பானுங்க, ஒட்டாதுங்க. இஷ்டமிருந்தாக் கையைக் குடுங்க” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். எழுந்து போனவர்கள் உண்டு. நினைத்ததைவிடக் குறைவு. ஒன்றரை வருஷம் தான் மருந்து பூசியது தோலுக்கா, பயத்துக்கா என்று அவள் சில சமயம் யோசிப்பாள்.

டியூபு கேட்டு வருகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. சலவைப் பட்டறையில் வேலை செய்த கன்னையனுக்கு பிளீச்சிங் பவுடரில் கையெல்லாம் வெடித்திருந்தது. அவர் மனைவி வந்து கேட்டாள்.

“டாக்டருகிட்டக் காட்டுங்க கண்ணு. நாங் குடுக்க மாட்டேன்.”

“ஒரு விரல் மருந்துக்கு இத்தனை பிகு பண்றீங்களே” என்று அவள் சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். குல்சாருக்குச் சுருக்கென்றது. மலாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு நடந்தாள். கன்னையன் டாக்டரிடம் போனாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.