மானா எண்ணெயின் வாசம்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பாலர் பள்ளி டீச்சராக இருந்தேன். விடாமல் பெய்த மழையில் ஒரு பிற்பகல் மலை சரிந்து மேல் லயத்து வரிசையின் கடைசி வீடுகளை மூடிவிட்டது. எங்கள் வீடு கீழ் லயத்தில், அதற்கும் ஆபத்து இருந்தது. மிஞ்சியவர்கள் எல்லோருக்கும் தோட்டத்து மைதானத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்கள்தான் என்றார்கள். இரண்டு மழைக்காலங்கள் அங்கேயே போயின.

கூடாரத்துக்குக் கதவு கிடையாது. மைதானத்தைச் சுற்றி வெட்டிய வடிகானில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பொழுது சாய்ந்தால் கொசு மேகம்போல எழும்பும். நிவாரணப் பொதியில் வந்த, கொசு விரட்டும் நுளம்புச்சுருளைக் கொளுத்தினேன். மூன்று வயது மகளுக்கு அந்தப் புகை ஆகவில்லை. நெஞ்சு இழுத்தது. என் கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். நானே அவளைத் தூக்கிக்கொண்டு, மைதானத்துக்கு வந்திருந்த டொக்டரம்மாவிடம் போனேன்.

"இந்தப் புகை பிள்ளைக்குக் கூடாது," என்றார் அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சில். "நுளம்பு வலை கட்டுங்கோ. பின்னேரத்தில காலுக்கு ஏதும் எண்ணெய் பூசலாம். கையில, முகத்தில பூசாதேங்கோ, பிள்ளை வாய்க்குள்ள வைக்கும்."

பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் மேல் லயத்துக்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். மலை சரிந்த அன்று அவர் மனைவி காய்ச்சலோடு படுத்திருந்தார். இவர் மருந்து வாங்கப் பசறைக்குப் போயிருந்தார். மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. அந்த அக்காவை மட்டும் கடைசிவரை எடுக்க முடியவில்லை. மண் இன்னும் நகர்கிறது என்று தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கருமாதி செய்ய மறுத்துவிட்டார். பகலெல்லாம் கூடாரத்துக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மகளின் இருமல் கேட்டு ஒருநாள் ஒரு போத்தலோடு வந்தார். மண்ணுக்குள்ளிருந்து உடையாமல் எடுத்துக் கொடுத்தார்களாம். மானாப்புல்லை நறுக்கித் தேங்காய் எண்ணெயில் அந்த அக்கா காய்ச்சியது. கைவிட்ட தேயிலை மலைகளில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் புல்தான் மானா. கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும்.

"கொழுந்து பறிக்கப் போறப்ப கால்ல பூசிக்குவா. பூச்சி அண்டாது. புள்ளைக்குப் பூசுங்க டீச்சர். எனக்கு எதுக்கு?"

அன்று பின்னேரம் மகளின் முழங்காலுக்குக் கீழே பூசிவிட்டேன். வெறும் புல் வாசம் இல்லை அது. அதற்கடியில் வேறேதோ, காய்ந்த பூவைப்போல, இருந்தது. அவள் என் மடியிலிருந்து இறங்கி, கூடாரங்களுக்கு நடுவே ஓடினாள். அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் திரும்பவில்லை.

"கேத்தல்ல சுடுதண்ணி இருக்கு," என்றார், வேலையிலிருந்து வந்தவளிடம் சொல்வதுபோல, சாதாரணக் குரலில். "கால் கழுவிட்டு வா."

அப்புறம்தான் திரும்பினார். என் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

போத்தலைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இரண்டு பின்னேரம் மகளைக் கொசு பிடுங்கி எடுத்தது. அதற்கு மறுநாள் அவரே வந்தார்.

"எண்ணெய் முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"இல்லண்ணே… உங்களுக்கு வேதனையா இருக்கும்னுதான்."

"பூசுங்க," என்றார். "வாசம் வரட்டும்."

பூசினேன். ஒவ்வொரு பின்னேரமும் அந்த வாசம் எழும்பும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கொசு அண்டவில்லை, மகளின் இருமலும் நின்றது. ஆனால் மைதானத்தில் பேச்சு கிளம்பியது. "அவ இங்கதான் நிக்கிறா," என்றாள் எதிர்க் கூடாரத்துக்காரி. தன் பிள்ளைகளை எங்கள் பக்கம் விடாமல் தடுத்தாள். நான் படித்தவள், இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் போத்தல் மூடியிருக்கும்போதும், மகள் குளித்த பிறகும், அந்த வாசம் வரத் தொடங்கியது. ஒருநாள் நடுப்பகலில் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வாசம் வந்தது. கதவாகத் தொங்கிய தறப்பாள் அசைந்தது.

"வாங்கக்கா," என்றேன். சொன்ன பிறகுதான் யாரைக் கூப்பிட்டேன் என்று உறைத்தது. எழுந்ததில் மடித்த துணியெல்லாம் சரிந்து விழுந்தது. வெளியே யாரும் இல்லை. அண்ணனின் கதிரை மட்டும் வெயிலில் கிடந்தது.

எண்ணெய் அடிமட்டத்துக்கு இறங்கியபோது அவர் முகமும் மாறியது. ரோட்டோரத்தில் மானா வெட்டிக்கொண்டு வந்தார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, என் சட்டியில் காய்ச்சினோம். இறக்கி ஆற வைத்து, உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்தார்.

"இது வெறும் புல்லு டீச்சர்."

கறுவா இலை போட்டுப் பார்த்தார். தோடம்பழத் தோல் போட்டுப் பார்த்தார். பதுளைக்குப் போய் மருந்துக்கடையில் ஏதேதோ வேர் வாங்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசிச் சட்டியை இறக்கிய பின்னேரம், அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ என்ன போடுவான்னு எனக்குத் தெரியல. எத்தனையோ வருசம் பக்கத்துலயே உக்காந்துருந்தேன். நாத்தம் தாங்கல, வெளிய கொண்டு போய்க் காய்ச்சுன்னு சத்தம் போடுவேன். என்ன போடுறேன்னு ஒருநாள்கூடக் கேக்கல."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து எண்ணெயை வடிகட்டினார். "கொசுவுக்கு இது போதும். புள்ளைக்குப் பூசுங்க." உண்மைதான். புது எண்ணெயும் கொசுவை நன்றாகவே விரட்டியது. எதிர்க் கூடாரத்துக்காரிகூடப் பிள்ளைகளுக்கென்று வந்து வாங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அவர் கருமாதிக்குச் சம்மதித்தார். உடல் இல்லாமலேயே ஆற்றங்கரையில் செய்தார்கள். மொட்டைத் தலையோடு ஈரவேட்டியில் நடந்து வந்தபோது அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சில நாட்களில் பண்டாரவளைக்குப் போய்விட்டார். ஒரு முஸ்லிம் முதலாளியின் மளிகைக் கடையில் மூட்டை இறக்கும் வேலை.

பிறகு எங்களுக்கு வீடு கிடைத்தது. கதவு, ஜன்னல் எல்லாம் உள்ள வீடு. ஜன்னல் வழியாக, சரிந்த மலை முழுசாகத் தெரிகிறது. போன வருடம் அண்ணன் பார்க்க வந்தார். மகளுக்கு பிஸ்கட் பொதி கொண்டு வந்திருந்தார். மதியம் சாப்பிட்டார், கடையைப் பற்றிப் பேசினார், ஜன்னல் பக்கம் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டார். வெயில் இறங்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டார்.

"இருந்து நாளைக்குப் போகலாமேண்ணே," என்றேன்.

"இல்ல டீச்சர். பொழுது சாயறதுக்குள்ள போயிறணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை; அந்த வாசம் எழும்பும் நேரம் அதுதான். ரோடு வரைக்கும் கூடவே போனேன். பஸ் வருகிறதா என்று பார்க்காமல், அவர் திரும்பித் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.