முகம் காட்டாத பக்கம்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பவரக்கா என்று பெயர். வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் போதும், எடுத்து வெளிச்சத்தில் இரண்டு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு இன்ன பவர் என்று சொல்லிவிடுவாள். கருவியில் வைத்துப் பார்த்தாலும் அதேதான் வரும். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, பிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. அதற்குக் கடையின் பின்னறையில் ஒரு இடம். முன்பக்கம் கூட்டம் அலைமோதினாலும் எட்டிப் பார்க்கமாட்டாள். கூச்ச சுபாவம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

கூச்சமெல்லாம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊரில், அவள் புருஷன் அவள் மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும் துணிப்பையோடு பின்வாசல் வழியாக வெளியேறினாள். தெருமுனை திரும்பும்போது பின்னால் யாரோ மூச்சிரைக்க வரும் சத்தம். மாமியார். செருப்பைக் காலில் போடக்கூட நேரமில்லாமல் கையில் பிடித்திருந்தாள்.

"நீ போயிட்டா அடுத்தது நான்தான்" என்றாள். மகன் அறைந்து அவளுக்கு ஒரு காது ஏற்கெனவே கேட்காமல் போயிருந்தது.

இப்படித்தான் மாமியாரும் மருமகளும் ஓடிவந்து ஒரு மூன்றாம் மாடி அறையில் குடித்தனம் வைத்தார்கள். யாராவது விசாரித்தால் அம்மாவும் பொண்ணும் என்றார்கள். சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்து எல்லாரும் அதை நம்பினார்கள்.

இந்தத் தலைமறைவு வாழ்க்கையில் பவரக்காவுக்கு இருந்த ஒரே ஜன்னல், கைப்பேசியில் ஒரு குறும்பதிவுப் பக்கம். பெயர் இல்லை, முகம் இல்லை. படத்துக்குப் பதில் ஒரு மூக்குக் கண்ணாடி. நாலு வரிக்கு மேல் எழுதமாட்டாள். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும், திருகாணி கழன்றால் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுத் திருகுங்கள், குழந்தை புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்தால் அதட்டாதீர்கள், கண்ணைச் சோதியுங்கள் என்று எழுதுவாள். இரண்டாயிரம் பேர் படித்தார்கள். அவளிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. இருக்கும் இடம் காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தாள். இன்று மழை பெய்தால் அடுத்த வாரம்தான் மழையைப் பற்றி எழுதுவாள். ஒரே ஒரு தரம் ஆசைப்பட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மாலை வானத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதையும் பத்து நாள் கழித்துத்தான் போட்டாள்.

மாமியாருக்கு மூன்றாம் வருஷத்தில் மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு அடுப்பு எதற்கு என்பதையே மறந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தவரை இடத்தை மட்டும் மாற்றாதீர்கள், பழகிய அறையில் இருந்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார் என்றார். பவரக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் கீழ்வீட்டுத் தையல்காரி இரண்டு தரம் வந்து பார்த்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தையல்காரியிடமிருந்து போன் வந்தது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாமியாரைக் காணோம்.

பவரக்கா கையிலிருந்த லென்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தெரு, மார்க்கெட், பூங்கா, மூன்று பஸ் நிறுத்தம், இரண்டு ஆஸ்பத்திரி. கட்டம் போட்ட நீலச் சால்வை என்று கேட்டுக் கேட்டு வாய் உலர்ந்தது. ஒன்றரை மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். நீங்கள் யார்? மருமகள். அவர் பிள்ளை எங்கே? இங்கே இல்லை. பிள்ளையின் போன் நம்பர் கொடுங்கள். அது மட்டும் வேண்டாம் என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். காற்று சில்லென்று வீசியது. பக்கத்தைத் திறந்து, மறதி உள்ள முதியவர் காணவில்லை, நீலச் சால்வை, ஒரு காது கேட்காது என்று எழுதினாள். படம் போடவில்லை, ஊர்ப் பெயர் போடவில்லை. பதினைந்து நிமிஷத்தில் நாற்பது பேர் கேட்டார்கள்: எந்த ஊர், எந்தப் பகுதி, படம் எங்கே. அவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்.

'படம் இல்லாமல் யாராலும் தேட முடியாது. முகம், உடை, கடைசியாகப் பார்த்த நேரம், பகுதி, ஒரு நம்பர் போடு. உன் சொந்த நம்பர் வேண்டாம். வீட்டு முகவரி எழுதவே எழுதாதே. இந்தக் குளிரில் ராத்திரி வெளியே இருந்தால் தாங்கமாட்டார்.'

பவரக்கா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் போட்டால் அவன் பார்ப்பான். போடாவிட்டால் அத்தை எங்காவது ஒரு சுவரோரம் சுருண்டு கிடப்பாள். கடைசியில் நேரத்தையும் பகுதியையும் எழுதிப் படத்தைப் போட்டாள். கடை நம்பரைக் கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். கடைக்குப் போன் மேல் போன். யாரோ ஒருவர் மூன்று கிழவிகளைப் பார்த்ததாகச் சொன்னார், மூன்று பேருமே வேறு ஆள். ஒருவன் போனில் சிரித்துவிட்டு வைத்தான். முதலாளி வியாபாரத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டே இருந்தார்.

நாலே முக்காலுக்கு அவள் பயந்தது நடந்தது. படத்தின் கீழே அவன் பதில் வந்து நின்றது.

'இது என் அம்மா. நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி கூட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றிலிருந்து தேடுகிறேன். தயவுசெய்து உதவுங்கள்.' கூடவே கல்யாணப் போட்டோ. அதில் அவள் முகம்.

அதுவரை அவளுக்காகப் பதறிய கூட்டம் அப்படியே திரும்பியது. இதனால்தான் முகத்தை மறைத்தாளா, பெற்ற பிள்ளையிடமிருந்து பிரித்தவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். ஒருவர் அவளுடைய பழைய வானப் படத்தைத் தோண்டி எடுத்து, ஓரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்துத் தெருவையே கண்டுபிடித்துச் சொன்னார். மகனுக்கு உதவுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

பதில் எழுதினால் எதைச் சொல்வது? உடைந்த மணிக்கட்டை நாலு வரியில் எப்படி அடக்குவது?

ஐந்தரைக்கு ஒரு பஸ் கண்டக்டர் போன் செய்தார். காலையிலிருந்து அந்த அம்மா தன் பஸ்ஸில்தான் முன்சீட்டில் உட்கார்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருப்பதாகவும், யாரையோ பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு வரப் போவதாகச் சொன்னதால் விட்டுவிட்டதாகவும், சால்வையைப் படத்தில் பார்த்ததும்தான் உறைத்தது என்றும் சொன்னார். இப்போது டிப்போவில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா" என்றாள் பவரக்கா.

"இப்பதாம்மா பதிவுக்குக் கீழ போட்டேன், கிடைச்சுட்டாங்க, டிப்போல இருக்காங்கன்னு. நல்லதுதானேன்னு நெனச்சேன்."

அவள் கெஞ்சியதும் உடனே அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ.

டிப்போ அலுவலகத்தில் மாமியார் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவரக்காவைக் கண்டதும் முகம் சிவந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச நீ? எவ்வளவு நேரமா தேடறேன் தெரியுமா?"

"இனிமே சொல்லிட்டுப் போறேன் அத்தை" என்று சொல்லி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அங்கேயே, அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே தன் பக்கத்தை மொத்தமாக அழித்தாள். அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை ஒரு பெண் அதிகாரி இருந்தார். பவரக்கா எல்லாவற்றையும் சொன்னாள், கோணலாகக் கூடிய மணிக்கட்டையும் காட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் உங்கள் புருஷன் அந்த அம்மா பெற்ற பிள்ளை, காகிதம் அவர் பக்கம்தான் பேசும் என்றார்.

அன்று ராத்திரி இருவரையும் நிலையத்திலேயே தங்க வைத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் தெருவில் வந்து நின்றான். தையல்காரி போன் செய்து சொன்னாள். அதிகாரி அவனை நிலையத்துக்கு வரவழைத்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைல், தழுதழுத்த குரல். அங்கிருந்த காவலர்களுக்கே மனம் இளகியது. பவரக்காவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். யார் என்று தெரியவில்லை. பவரக்காவிடம் திரும்பி, "யாரும்மா இது?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் சிரித்தபடி குனிந்து, நழுவிய சால்வையைச் சரி செய்யக் கையைத் தூக்கினான்.

அவ்வளவுதான். மாமியார் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு தலையை முழங்காலுக்குள் இறக்கினாள். பெஞ்சிலிருந்து ஈரம் வழிந்து தரையில் பரவியது. பெயர் மறந்து, முகம் மறந்து, அந்தக் கை மட்டும் அவள் உடம்புக்கு மறக்கவில்லை.

அதிகாரி எழுந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். "நீங்க கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க" என்றார்.

அன்று அவன் வெறுங்கையோடு போனான். இதற்கு மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவனுக்கு அறை தெரியும், கடை தெரியும். மூன்று நாள் கடைக்கு எதிரே நின்றான். முதலாளி வேலையை விடச் சொல்லவில்லை, அவளே விட்டுவிட்டாள். பெண் அதிகாரி வேறு ஊரில் ஒரு காப்பகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்ய வேண்டியதாயிற்று.

புது இடத்தில் மாமியாருக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குப் போகணும் என்று அழுதாள். எந்த வீடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் வழக்குப் போட்டு இரண்டு வாய்தாவுக்கு வந்தான், மூன்றாவதுக்கு வரவில்லை.

பக்கத்தை அழித்தாலும் படம் அழியவில்லை. யார் யாரோ பிரதி எடுத்துப் போட்டது சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு மாதம் கழித்துக் காப்பகத்துச் சமையல்காரி கைப்பேசியை நீட்டி, இது உங்க அத்தை மாதிரியே இருக்காங்களே என்று கேட்டாள். பவரக்கா அதைப் பிடுங்குவதற்குள் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"பாவம், யாரோ தொலைஞ்சுட்டாங்க போல" என்றாள். வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த குளிர்காலம் முடியும் முன்னே அவள் போய்ச் சேர்ந்தாள். யாருக்கும் தகவல் சொல்லவில்லை. பவரக்கா இப்போது இன்னொரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருக்கிறாள். சொந்தமாக எதுவும் எழுதுவதில்லை. ஆனால் படம்கூட இல்லாத ஒரு பக்கம் மட்டும் வைத்திருக்கிறாள். காணவில்லை என்று எங்காவது ஒரு பதிவைக் கண்டால், போட்டவருக்குத் தனியாக எழுதுகிறாள்: 'முகம், உடை, நேரம் போதும். வீட்டு முகவரி வேண்டாம். உங்கள் பழைய படங்களை முதலில் மறைத்துவிடுங்கள். கிடைத்ததும் எங்கே கிடைத்தார் என்று எழுதாதீர்கள்.'

பெரும்பாலும் பதில் வராது. சில பேர் நீங்கள் யார் என்று கேட்பார்கள். அவள் அடுத்த பதிவைத் திறப்பாள்.