மாவு மில்லுக்கு வந்த மறதிகள்

மாவு மில் வைத்தவனுக்கு அரைப்பது பாதி வேலை. எந்த டின் யாருடையது என்று பஞ்சாயத்து பண்ணுவது மீதி வேலை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போய், கியூவில் நின்று, யார் வீட்டு மிளகாய்த்தூள் நெடிக்கோ தும்மி, கடைசியில் வீட்டில் “கொரகொரன்னு அரைச்சிருக்கான் பாரு” என்று கேட்டவர்கள்தான். அந்த ‘அரைச்சிருக்கான்’ நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஓசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம் மில் போட்டேன். தொழிற்பேட்டை வந்து, கம்பெனிகளுக்குப் பின்னாலேயே திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆட்களெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கிய காலம். அவர்கள் சாம்பார் பொடிக்கு வருவார்கள்; சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் கேழ்வரகோடு வருவார்கள். கியூவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தனித்தனியாக ஓடும். சண்டை வந்தால் மட்டும் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். மார்கழிக் காலையில், மிஷின் வாயிலிருந்து சூடாக விழும் மாவில் கையைப் புதைத்துக்கொண்டு நிற்பவர்கள் முகத்தில் ஒரு சுகம் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஓசூரில் இப்போது அந்தக் குளிரும் இல்லை.

என் வாடிக்கைக்காரர்களில் வயசானவர்கள் இரண்டு கட்சி. ‘எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு’ என்பது ஒரு கட்சி. ‘எனக்கு ஒண்ணுமே ஞாபகம் நிக்கறதில்ல’ என்பது இன்னொன்று. இரண்டு கட்சியையும் அப்படியே நம்பக் கூடாது என்று எனக்குப் புரிவதற்குள் தலையில் மாவு இல்லாமலேயே நரை விழுந்துவிட்டது.

பாயின் ஏற்பாடு

கரீம் பாய் பழைய இரும்பு வியாபாரி. கம்பெனிகளில் கழித்துப் போடும் இரும்புத் துண்டுகளை ஏலம் எடுப்பார். அறுபதைத் தாண்டியவர். மில்லுக்குள் காலை வைக்கும்போதே “தம்பி, நமக்கு மறதி ஜாஸ்தி” என்று அறிவிப்பு கொடுத்துவிடுவார். ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சிக்கு அரிசி உடைக்க வந்தால், டின் கைப்பிடியில் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றுவார். என்னிடம் சொல்வார். கியூவில் முன்னால் நிற்கும் அம்மாவிடம் சொல்வார். எதிர் டீக்கடைக்காரரிடமும் “பாயி டின் மில்லுல இருக்குன்னு சாயங்காலம் சொல்லுங்க” என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்.

சாயங்காலம் அவரை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் “பாய், டின்!” என்று கத்துவார்கள். பஸ்ஸில் இருந்துகூட ஒருவர் தலையை நீட்டிக் கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை வருஷத்தில் அவர் டின் ஒரு ராத்திரிகூட மில்லில் தங்கியதில்லை. “மறதி மறதின்னு சொல்றீங்க, ஒண்ணைக்கூட விட்டுட்டுப் போக மாட்டேங்கறீங்களே பாய்” என்று ஒருநாள் கேட்டேன். கம்பியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “மறதி எனக்குத்தான் தம்பி, ஊருக்கு இல்லையே!”

முனியம்மாவின் வயிற்றெரிச்சல்

பேரிகைப் பக்கத்திலிருந்து முனியம்மா என்று ஒரு அம்மா வரும். வயசைக் கேட்டால் தெரியாது. எத்தனை பேரன் பேத்தி என்று கேட்டால், “இருக்குதுங்க சாமி, ஒரு கும்பலு” என்று சொல்லும். எதைக் கேட்டாலும் கையை விரித்து “புத்தி போயிருச்சு” என்பதுதான் பதில்.

ஒருநாள் காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய், பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போய், வரிசை கலைந்துவிட்டது. ஆளாளுக்கு நான்தான் முதல் என்று கத்தினார்கள். சுவரோரம் குந்தியிருந்த முனியம்மா எழுந்து வந்து, யாருக்கு அப்புறம் யார், எந்தப் புடவை, எந்த டின், நடுவில் யார் நைசாக நுழைந்தது என்று முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டது. ஒருவர்கூட மறுக்கவில்லை. நான் அசந்துபோய், “புத்தி போயிருச்சுன்னு சொன்னியேம்மா?” என்றேன்.

“ஞாபகம் எல்லாம் இல்ல சாமி. அந்தச் செவப்புப் புடவைக்காரி என்னைத் தாண்டி முன்னால போனா பாரு, அந்த வயித்தெரிச்சல்!”

சார் சொன்னால் சரி

கோதண்டராமன் சார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கம். எங்கள் தெருவிலேயே வீடு. நல்ல மனிதர், பண்டிகை என்றால் எனக்குத் தனியாகப் பலகாரம் கொடுத்தனுப்புவார். ஆனால் ஞாபகசக்தி விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் வாயைக் கொடுக்க முடியாது. சேர்ந்த அன்றைக்கு கம்பெனி கேன்டீனில் என்ன கூட்டு என்பது வரை சொல்வார். யாருக்குத் தெரியும் சரியா தப்பா என்று? சொல்கிற தோரணையில் கேட்கிறவன் தலையாட்டிவிடுவான்.

ஒருநாள் மல்லி அரைக்க வந்தவர், “போன தடவை மாதிரியே நைசா இருக்கணும்” என்றார். போன தடவை அவர் கொண்டுவந்தது பச்சரிசி. அதைச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையின் நிறம் முதற்கொண்டு சொல்லி, மல்லிதான் என்று நிரூபித்துவிட்டார். அந்த நிறத்தில் என்னிடம் சட்டையே கிடையாது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் தேடினேன். கிளம்பும்போது தோளில் தட்டி ஆறுதல் வேறு சொன்னார்: “கவலைப்படாதப்பா, மாவுத் தூசி மூளைக்குப் போனா அப்படித்தான் மறக்கும்.”

சுலோசனா அம்மா

சாரின் மனைவி சுலோசனா அம்மா எதிர்க்கட்சி. “எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்கறதில்லையே” என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். ஆனால் என் பெண்ணுக்குப் போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொண்டு, “இப்ப மறுபடி ஈரக்காத்து அடிக்குது, அவளுக்குக் காதை மூடி அனுப்புங்க” என்று சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

இந்த மறதிப் பட்டம் எப்படி வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். ஒரே பையன் வேலை கிடைத்து பம்பாய்க்கு ரயிலேறிய வாரம், பால் அடுப்பில் பொங்கி வழிந்து, பாத்திரமே கருகிவிட்டதாம். அடுத்த நாள் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டாராம். பிள்ளை போன ஏக்கத்தில் யாருக்குத்தான் கை ஓடும்? சார் அன்றைக்கு விளையாட்டாக ‘மறதி மகாராணி’ என்று கூப்பிட்டாராம். பிள்ளை கடிதம் போட்டான், கல்யாணம் பண்ணினான், பேரன்கூடப் பிறந்தாயிற்று. பட்டம் மட்டும் போகவில்லை. “அவர் சொல்லிச் சொல்லி, இப்ப நானே முந்திக்கிட்டுச் சொல்லிடறேன்ப்பா. அதுல ஒரு நிம்மதி.”

பச்சை மூடி

ஒருமுறை இருவரும் பையனைப் பார்க்க பம்பாய் போய் வந்தார்கள். வந்த மறுநாள், மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், உதவி செய்வோம் என்று சாரே கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்ட் இல்லை. டின்னை வைத்துவிட்டுப் போனார். அன்று அப்படி விட்டுவிட்டுப் போன டின்கள் நிறைய. ஒவ்வொன்றாக எல்லோரும் வந்து அரைத்துப் போன பிறகு, பச்சை மூடி போட்ட ஒரு டின் மட்டும் மூலையில் நின்றது.

அடுத்த வாரம் சார் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டுக் கேட்டேன். அவர் டின்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் முதல் ஆளாக வந்து நின்றதையும், நான் அரைத்துக் கொடுத்ததையும், மாவு சூடாக இருந்ததால் கைமாற்றி கைமாற்றித் தூக்கிப் போனதையும் கதை மாதிரி சொன்னார். கேட்கக் கேட்க, அரைத்துக் கொடுத்தது எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. “வேற யாரோடதோ அது, நல்லா விசாரி. என் டின் எனக்குத் தெரியாதா?”

திறக்காதீங்க

சுலோசனா அம்மா வீட்டில் வேலை செய்தவள் லட்சுமம்மா. உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம், தெலுங்கு வீடு. காலை முதல் பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் வேலை பார்ப்பாள். ஒருநாள் வேலை நேரத்தில் கேழ்வரகு டின்னோடு மில்லில் வந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டதும் உடைந்துவிட்டாள்.

சுலோசனா அம்மாவின் கல் வைத்த தோட்டைக் காணவில்லை. பம்பாய் போனபோது ரயிலில் போட்டுக்கொண்டு போகப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. வந்து ஒரு மாசம் கழித்து இப்போதுதான் தேடியிருக்கிறார். சார் பீரோவில் பார்த்ததாகச் சொல்கிறார். பீரோ இருக்கும் அறையைப் பெருக்குகிறவள் லட்சுமம்மா.

“போலீசுக்குப் போகலண்ணா. போயிருந்தாக்கூட விசாரிச்சு விட்டிருப்பாங்க. நான்தான் எடுத்தேன்னு மத்த நாலு வீட்டுலயும் அய்யா சொல்லிட்டாரு. இன்னிக்கு ஒருத்தரும் கதவு தொறக்கல.”

“அம்மா ஒண்ணும் சொல்லலியா?”

“மொதல்ல சொன்னாங்க. கோதுமை டின்னுல, கோதுமைக்குள்ளதான் போட்டு வெச்சேன்னாங்க. வீட்டுல இருந்த டின்னைக் கொட்டிப் பாத்தாங்க, இல்ல. இன்னொரு டின் இருந்துச்சேன்னாங்க. அதை அரைச்சுத் தின்னு மாசமாச்சு, உனக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்குன்னு அய்யா கேட்டாரு. அப்புறம் அம்மா வாயே தொறக்கல.”

மூலையில் பச்சை மூடி. ஓடிப்போய் மூடியில் கையை வைத்தேன். லட்சுமம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூளை அந்த நேரத்தில் வேலை செய்ததைப் போல என் மூளை என்றைக்குமே வேலை செய்ததில்லை. “திறக்காதீங்கண்ணா. இங்க தொறந்து எடுத்தா, நான் கொண்டாந்து போட்டேன்னு சொல்லிருவாங்க. இப்படியே தூக்குங்க. கியூல நிக்கறவங்களும் ரெண்டு பேர் வரட்டும்.”

நாலு வீடு

மிஷினை நிறுத்தினேன். டின்னை சைக்கிள் கேரியரில் வைத்துப் பிடித்துக்கொண்டு நான், பக்கத்தில் லட்சுமம்மா, பின்னால் அரைத்தும் அரைக்காமலும் இரண்டு அம்மாக்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. டின்னுக்குள் வெறும் கோதுமை மட்டும் இருந்தால், இந்தப் பெண் இந்தத் தெருவில் இனி தலைகாட்ட முடியாது.

கதவைத் திறந்த சுலோசனா அம்மா பச்சை மூடியைப் பார்த்ததும் டின்னைத் தரையில் இறக்கச் சொன்னார். அப்படியே வாசலில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, வளையலோடு முழங்கை வரை கையை விட்டார். துழாவினார். கோதுமை சுற்றிலும் கொட்டியது. கை வெளியே வந்தபோது அதில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், உள்ளே தோடு.

உள்ளிருந்து வந்த சார் தோட்டைப் பார்த்தார். ஒரு கணம் முகம் வெளுத்தது. அடுத்த கணம் சரியாகிவிட்டது. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அது பொய் சொல்கிற முகம் இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார்: “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மில்லுல போய்க் கேளுன்னு!”

யாரும் சிரிக்கவில்லை. லட்சுமம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம்தான் கேட்டாள்: “உங்களுக்குத்தான் நல்லா ஞாபகம் இருந்துச்சே அம்மா. அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

சுலோசனா அம்மா தோட்டைத் திரும்ப அந்தத் துணியில் முடிந்தார். “என்னை நானே நம்பலடி” என்றார். அந்த அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறகு எழுந்தார். செருப்புகூடப் போடாமல், கையெல்லாம் கோதுமைத் தூசியோடு, லட்சுமம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சார் பின்னாலேயே “நான் போய்ச் சொல்லிக்கறேன், நீ எதையாவது மறந்துட்டு உளறப்போறே” என்றார். அம்மா நிற்கவில்லை. அந்த நாலு வீட்டுக் கதவையும் அவரே தட்டினார். நாலு வீட்டிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். கடைசி வீட்டுக்கு வரும்போது குரல் தெரு முனை வரை கேட்டது.

லட்சுமம்மா அந்த நாலு வீட்டு வேலைக்கும் திரும்பப் போனாள். சார் வீட்டுக்கு மட்டும் எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை. அதற்காக சுலோசனா அம்மா அவளைக் கோபித்துக்கொண்டதும் இல்லை. மில்லை விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மிஷின் சத்தம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அன்றைக்கு அந்தக் கடைசி வாசலில் அந்த அம்மா சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் காதில் இருக்கிறது: “தோட்டைக் கோதுமைக்குள்ள வெச்சது நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

இத்தனை வருஷம் மாவில் நின்றதில் நான் தேறியது இவ்வளவுதான்: ‘மறந்துடுவேன்’ என்பவரின் டின்னை அப்படியே வாங்கி வைக்கலாம், ‘மறக்கவே மாட்டேன்’ என்பவரின் டின்னுக்குத்தான் பெரிய எழுத்தில் பெயர் போட வேண்டும்.